பஞ்சு ஏலத்தில் எடுத்த வேன்

பஞ்சுவுக்கு அவன் அப்பா வைத்த பெயர் வேறு. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். கார், பஸ், ஆட்டோ, எதுவாக இருந்தாலும் சீட்டுத் தைத்துக் கொடுக்கிறவன். தலையிலோ மீசையிலோ காது மடலிலோ எங்காவது ஒரு துணுக்குப் பஞ்சு ஒட்டிக்கொண்டேயிருக்கும். அவன் கல்யாணப் போட்டோவிலும் புருவத்தில் ஒரு துணுக்கு இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன்.

என் சித்தியின் கடைசிப் பிள்ளை அவன். எனக்குத் தம்பி முறை. கட்டினதும் அசலில் இல்லை, என் வீட்டுக்காரருடைய ஒன்றுவிட்ட அக்காள் மகளைத்தான். அவளுக்கு ஒரே தம்பி. வண்டி ரிப்பேர் செய்கிற பட்டறை வைத்திருக்கிறான், அவனுக்கு ஊர் வைத்த பெயர் கிரீஸ். பஞ்சுவுக்கு ஒரே மகள். அவள் புருஷன் பிழைப்புக்காக வெளியூரில் கிடக்க, இவள் துணிக்கடையில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை நின்றே வேலை பார்க்கிறவள். அதனால் அவள் பெற்ற பெண் பஞ்சு வீட்டில்தான் வளர்ந்தாள். ஒல்லிக்குச்சி, வாயைத் திறந்தால் குத்தும். அதனால் குண்டூசி.

பஞ்சு சின்ன வயதிலிருந்தே பயந்தாங்கொள்ளி. கிணற்றை எட்டிப் பார்க்க மாட்டான். ஏணியில் ஏறினால் இறங்க மாட்டான், சித்தப்பாதான் தூக்கி இறக்குவார். சீட்டுத் தைக்கிற வேலைக்கு வந்ததே அதனால்தான் என்று கிரீஸ் கிண்டல் செய்வான்: விழுந்தாலும் அடிபடாத தொழில் அது ஒன்றுதானாம். ஆனால் தனக்கென்று பயந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை, பேத்தி பிறந்த பிறகு பயந்தான் பாருங்கள், அதுதான் பயம்.

பள்ளிக்கூடம் பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம். லாரிகள் மூச்சு விடாமல் போகிற ரோடு. ஒரு நாள் தெருக்கோடியில் இருக்கிற தண்ணி வண்டிக்காரர் மகனை லாரி ஒன்று தட்டிவிட்டுப் போய்விட்டது. பிள்ளை பிழைத்தது, ஆனால் கால் வளைந்துவிட்டது. அன்றிலிருந்து பஞ்சு காலையில் ஊசியைத் தொடுவதில்லை. குண்டூசி ரோட்டைத் தாண்டி பள்ளிக்கூட வாசலில் நுழைகிறவரை கையைப் பிசைந்துகொண்டு நிற்பான். ஒரு வேன் வாங்கி, இவளையும் தெருப் பிள்ளைகளையும் வாசலில் ஏற்றிப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட வேண்டும் என்று அப்போதுதான் அவன் மண்டையில் ஏறியது. ரெடிமேட் உறைகள் வந்து அவன் தையலும் படுத்துக்கொண்டிருந்த நேரம். தெருத் தாய்மாரும் சந்தோஷமாகச் சரி என்றார்கள்.

கடையில் வேன் வாங்குகிற வசதி எங்கே இருக்கிறது. அரசாங்கம் ஓட்டிக் கழித்த வண்டிகளைக் கம்ப்யூட்டரிலேயே ஏலம் விடுகிறார்கள், வீட்டில் உட்கார்ந்தபடியே எடுக்கலாம் என்று கம்ப்யூட்டர் கடைக்காரர் சொன்னார். போட்டோ போட்டிருக்கும், நாலு வரி எழுதியிருக்கும், முன்பணம் கட்டினால் விலை கேட்கலாம். "இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்" என்று தலைப்பிலேயே போட்டிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று பஞ்சு கேட்டிருக்கிறான். வாங்கின பிறகு அழக்கூடாது என்று அர்த்தம் என்றாராம் அவர், சிரித்துக்கொண்டே.

வண்டியை நேரில் பார்க்க ஒரு நாள் விட்டிருந்தார்கள். கிரீஸ் தலைப்பாடாக அடித்துக்கொண்டான், போட்டோவைப் பார்த்துப் பெண் எடுத்தாலும் எடுக்கலாம், வண்டி எடுக்காதே மாமா என்று. அன்றைக்குப் பார்த்து ஒரு பஸ் முதலாளி சீட்டு வேலைக்காகத் தலைமேல் உட்கார்ந்திருந்தார். பஞ்சு போகவில்லை. அதற்குப் பதில் போட்டோவை விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தான். எதைப் பார்த்தான் என்கிறீர்கள்? சீட்டை.

அவனுக்கு வண்டி என்றால் சீட்டுதான். ஆள் உட்கார உட்கார விளிம்பு முதலில் தேயும், பிறகு தையல் வாய் பிளக்கும், பிறகு நடுவில் குழி விழும். அதை வைத்தே வண்டி எவ்வளவு ஓடியது என்று சொல்லிவிடுவான், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அந்தப் போட்டோவில் பின் சீட்டுகள் கம்பெனியில் தைத்த தையலோடு, ஒரு மடிப்புக்கூட விழாமல் இருந்தன. ஓடாத வண்டி இது, எவனோ அதிகாரி நிழலில் நிறுத்தி வைத்திருந்திருக்கிறான் என்று அவனே முடிவு கட்டிவிட்டான். டிரைவர் சீட்டின்மேல் மட்டும் ஒரு துண்டு விரித்திருந்தது. அதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஏலத்தன்று கம்ப்யூட்டர் கடையில் அவன் உட்கார்ந்திருந்த நாற்காலி நனைந்துவிட்டது, அவ்வளவு வியர்வை. எதிரில் போட்டி போடுகிறவன் யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. எண் மட்டும் மேலே மேலே ஏறுகிறது. முகம் தெரியாத ஒருத்தன் இருட்டில் நின்று கல் எறிகிற மாதிரி இருந்தது அக்கா என்றான் பிறகு என்னிடம். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததெல்லாம் அதில் போனது. வண்டி உனக்குத்தான் என்று திரையில் வந்ததும் அவன் முகம் வெளுத்துவிட்டதாம். ஜெயிச்சவன் மூஞ்சியா இது என்றாராம் கடைக்காரர்.

வண்டியை எடுக்கக் கிரீஸைக் கூட்டிக்கொண்டு போனான். ஊருக்கு வெளியே கம்பி வேலி போட்ட பெரிய மைதானம். ஜீப்பும் லாரியும் ஆம்புலன்ஸும் வரிசையாகத் துருப்பிடித்து நின்றன. சில வண்டிகளுக்குள்ளேயே புல் முளைத்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. இவன் வேன் கடைசி வரிசையில். பேட்டரியைக் காணோம். மிரர் ஒன்றைக் காணோம். டிரைவர் சீட்டுத் துண்டை எடுத்துப் பார்த்தால் கம்பிச் சுருள் பல்லைக் காட்டுகிறது. டிரைவர் தடியனாக இருந்திருப்பான் என்று பஞ்சு தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். பின்னால் மட்டும் சீட்டுகள் போட்டோவில் பார்த்தபடியே பளபளவென்று இருந்தன. உள்ளே பினாயில் வாடை மூக்கைத் துளைத்தது.

காவல்காரர் ஒரு பெரியவர். இதில் யாரை ஏற்றப் போகிறீர்கள் என்று கேட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை என்றான் பஞ்சு. அந்த மனிதர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், ஆபீஸ் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார், கேட்டைத் திறந்துவிட்டுப் போய்விட்டார்.

வேறு பேட்டரி மாட்டிக் கிரீஸ்தான் ஓட்டினான். பாலத்து இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் மிதி தரை வரைக்கும் போகிறது, வண்டி நிற்கவில்லை. முன்னால் ஒரு சைக்கிள்காரர், அவருக்கு முன்னால் மண் லாரி. கிரீஸ் கியரை இறக்கி, கைப்பிரேக்கை இழுத்து, பாலத்துச் சுவரில் டயரை உரச விட்டு நிறுத்தினான். பஞ்சு இறங்கி ரோட்டோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். அன்று கிரீஸ் கிண்டல் செய்யவில்லை. தண்ணீர் வாங்கிக் கொடுத்து முதுகைத் தடவிக்கொண்டே நின்றானாம்.

பட்டறையில் பிரேக் குழாயெல்லாம் மாற்றினான் கிரீஸ். மாற்றும்போது மிதியின் ரப்பரைக் காட்டினான். தேய்ந்து தேய்ந்து வழுக்கையாகி இரும்பு தெரிந்தது.

"மாமா, சீட்டுக்கு இப்பதான் வயசு வந்திருக்கு, மிதி கிழவனாயிடுச்சு. ஒரே வண்டியில இது ரெண்டும் எப்படி? எங்கேயோ இடிக்குது."

"உனக்கு மிதி தெரியும், எனக்கு சீட்டு தெரியும் மாப்ளே. உன் வேலையப் பாரு."

"பின்கதவுக்கு உள்பக்கம் கைப்பிடியே இல்ல, பாத்தியா? கழட்டி தகரம் வச்சு அடைச்சிருக்கானுங்க. வெளியேயிருந்துதான் திறக்க முடியும்."

"அது நல்லதுதானேடா. ஓடற வண்டியில பிள்ளைங்க கதவத் திறந்து விழுந்து தொலைக்கக் கூடாதுல்ல."

இந்த ஒரு பேச்சைத்தான் கிரீஸ் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி ஆறமாட்டாமல் இருக்கிறான். அன்றைக்கு அது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. அவனுக்கே பட்டது. தாய்மாரிடம் சொன்னபோது அவர்களும் தலையாட்டினார்கள், ஒருத்தி கையெடுத்துக் கும்பிடாத குறை. பயந்தவன் ஒரு பக்கம் பயந்தால் மறு பக்கத்தைப் பார்க்க மாட்டான், வேறென்ன சொல்ல.

பிறகு பஞ்சு தன் வேலையை ஆரம்பித்தான். பிள்ளைகள் தலை முட்டக்கூடாது என்று பக்கச் சுவர், கூரை, முன்பக்கத் தடுப்பு எல்லாவற்றிலும் கெட்டியான பஞ்சு அடுக்கி ரெக்சின் வைத்துத் தைத்தான். டிரைவருக்கும் பின்னால் இருப்பவர்களுக்கும் நடுவில் இரும்புத் தடுப்பு ஒன்று இருந்தது, அதில் கைக்குட்டை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. வெயில் அடிக்கிறது என்று அதற்கும் பூப்போட்ட திரை. கூரையை ஒட்டியிருந்த சின்ன ஜன்னல்களில் கம்பி வலை இருந்தது. கை நீட்ட மாட்டார்கள் என்று அதையும் அப்படியே விட்டுவிட்டான். கண்ணாடிகள் துருவில் இறுகிக்கிடந்தன, திறந்தால் தூசி என்று அதையும் விட்டான். பின்கதவை உள்ளேயிருந்து இழுத்துச் சாத்தச் சிவப்பில் ஒரு வார் தைத்து மாட்டினான். அந்த வேலை முழுக்கக் குண்டூசி உள்ளே உருண்டுகொண்டேதான் இருந்தாள்.

கதவின் கீழ்ப்பாதித் தகரத்தில் கோடு கோடாகக் கீறல் இருந்ததைத் தையலுக்கு முன் அவன் பொண்டாட்டி பார்த்தாள். ஒன்றன்மேல் ஒன்றாக, நெருக்கமாக. என்னங்க இது, யாரோ பிறாண்டின மாதிரி இருக்கு என்றாள். சாமான் உரசினதாக இருக்கும் என்று அதன்மேலும் பஞ்சு வைத்து மூடினான். அவள் அன்றிலிருந்து அந்த வண்டியைச் சுற்றிக்கொண்டுதான் போவாள், பக்கத்தில் நடக்க மாட்டாள்.

வேலை முடிந்ததும் தாய்மார் ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள். மெத்தை வீடு மாதிரி இருக்கிறதே என்றார்கள். வெளியே லாரி போகிற சத்தம்கூட உள்ளே கேட்கவில்லை என்று வியந்தார்கள். திங்கட்கிழமை முதல் பிள்ளைகளை அனுப்புவதென்று முடிவானது.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, நல்ல உச்சி வெயில். பஞ்சு சாப்பிட்டுக் கண்ணயர்ந்திருந்தான். தாய்க்காரி கடைக்குப் போயிருந்தாள், அவர்களுக்கு ஞாயிறு கிடையாது. குண்டூசி பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு கண்ணாமூச்சி விளையாடிக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையை அவள் அம்மா சாப்பிடக் கூப்பிட, தேடுவதை விட்டுவிட்டுப் போய்விட்டது. குண்டூசி ஒளிந்த இடத்திலேயே இருந்தாள். வாசலில் நின்ற வேனுக்குள் ஏறி, தாத்தா தைத்த சிவப்பு வாரைப் பிடித்துக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தாள்.

பஞ்சு எழுந்தபோது வீடு சத்தமில்லாமல் இருந்தது. குண்டூசி இருக்கிற வீட்டில் அது நடக்காத காரியம். பொண்டாட்டியைக் கேட்டான், உங்களோடு தூங்குகிறாள் என்று நினைத்தேன் என்றாள். பக்கத்து வீட்டில் கேட்டார்கள், இங்கே இல்லையே என்றார்கள். மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி, அலமாரி, கட்டிலடி, எல்லா இடமும் பார்த்தாயிற்று. சாக்கடை மூடி ஒன்று விலகியிருந்தது. தெருவே அதைச் சுற்றிக் கூடிவிட்டது, ஒருவர் கம்பை விட்டுத் துழாவினார். அந்தக் கம்பு ஒவ்வொரு தடவை மேலே வரும்போதும் பஞ்சு கண்ணை மூடிக்கொண்டானாம்.

பெரிய ரோட்டுப் பக்கம் போயிருப்பாள் என்று யாரோ சொன்னார்கள். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் பஞ்சு ஓடினான். ஓடினவன் வேனில் ஏறினான்.

ஆமாம், அந்த வேனில்தான். கதவு சாத்திக் கிடந்ததால் அதற்குள் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பின்பக்கம் பிள்ளை இருக்க, முன்பக்கம் உட்கார்ந்து அவளைத் தேடி ஊர் முழுக்க ஓட்டினான். ரோட்டோரக் கடைகளில் நிறுத்தி நிறுத்திக் கேட்டான், ஒல்லியாக ஒரு பெண் பிள்ளை, நீலச் சட்டை, பார்த்தீர்களா என்று. பள்ளிக்கூட கேட்டைப் பிடித்து உலுக்கினான். ரோட்டில் ஏதாவது துணி கிடந்தால் நிறுத்தி இறங்கிப் பார்ப்பான், பழைய சாக்காக இருக்கும், திரும்ப ஏறுவான். டிரைவர் பக்க ஜன்னலைத் திறந்துவிட்டு அவள் பெயரைக் கத்திக்கொண்டே போனான். கத்துகிற இவன் குரல் அவளுக்குக் கேட்டிருக்கிறது, கொஞ்சம் கொஞ்சம். அவள் தட்டினது இவனுக்குக் கேட்கவில்லை. அவன் கையால் அடுக்கிய பஞ்சு அவ்வளவு கெட்டி.

வெயில் கூரைத் தகரத்தில் நெருப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. காற்றுப் போக ஒரு ஓட்டை கிடையாது.

கடைசியில் கிரீஸ் பட்டறைக்குப் போய் நிறுத்தினான். இறங்கக்கூட முடியவில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்த கை வரமாட்டேன் என்றது. பிள்ளையக் காணோம் மாப்ளே என்றான். கிரீஸ் கையிலிருந்ததைப் போட்டான். பட்டறையில் இருந்த ஆட்களையெல்லாம் கூப்பிட்டான். ஏரிப் பக்கம் ஒருத்தரும் பார்க்கவில்லை, எல்லாரும் வேனில் ஏறுங்கள், அங்கே போய்ப் பிரிந்து தேடலாம் என்று சொல்லிக்கொண்டே பின்னால் போய்க் கதவைத் திறந்தான்.

உள்ளேயிருந்து சூடு அவன் முகத்தில் அடித்தது. குண்டூசி கதவடியில் சுருண்டு கிடந்தாள். முகம் செக்கச்செவேலென்று இருந்தது, உதடு மட்டும் வெளுத்திருந்தது. வியர்வையே இல்லை. விரல் நுனியெல்லாம் ரத்தம், கீழே ரெக்சின் கிழிந்து பஞ்சு பிய்ந்து கிடந்தது.

கிரீஸ் வாரி எடுத்துத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஓடினான். அவளுக்கு நனைத்த துணியைச் சுற்றி அவனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனான், யாருடைய வண்டியிலோ. அந்த வேனில் அவளை ஏற்ற ஒருத்தருக்கும் மனம் வரவில்லை. பஞ்சு பின்னால் நடந்தே போனான். வழியில் கண்டவர்கள் என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, கிடைச்சுட்டா, கிடைச்சுட்டா என்று மட்டும் சொல்லிக்கொண்டே போனானாம். உயிரோடா என்று கேட்டால் அதற்கும் கிடைச்சுட்டா என்றானாம்.

நானும் போய்விட்டேன் ஆஸ்பத்திரிக்கு. அந்த வராந்தா பெஞ்சில் பஞ்சுவின் மகள், துணிக்கடைச் சேலையோடு, அப்பன் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. ஊசி வழியாகத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பொழுது சாயும் நேரம் பிள்ளை கண் திறந்தாள். டாக்டரம்மா வெளியே வந்து, பிழைச்சுக்கிட்டா, இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா என்னால ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது என்றார்.

உள்ளே விட்டபோது அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் போகவில்லை, காலடியிலேயே நின்றான். குண்டூசிதான் பேசினாள். குரல் கரகரத்திருந்தது, கத்திக் கத்தித் தொண்டை போயிருந்தது.

"தாத்தா, திரை ஓரமா உன் முதுகு தெரிஞ்சுது. உன் முதுகுக்கு நேராத்தான் தட்டினேன். நீ திரும்பவே இல்ல."

அவன் கட்டிலின் காலடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

கொஞ்ச நாள் கழித்து, கிரீஸ் கோபம் தாளாமல் அவனை அந்த மைதானத்துக்கு இழுத்துப் போனான். ஆபீஸில் இருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லையாம். இருந்த இடத்தில் இருந்த நிலையில் எடுத்துக்கொண்டாய், நேரில் பார்க்க நாள் கொடுத்தோம், நீ வரவில்லை என்றார். அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் எரிச்சல். வெளியே வந்தபோது காவல்காரர் கேட்டருகில் கூப்பிட்டுச் சொன்னார். அது தெருநாய் பிடிக்கிற வண்டியாம். அரசாங்கம் புதிதாக வாங்கின அன்றைக்கே பின் சீட்டையெல்லாம் கழற்றி உறையோடு கிடங்கில் போட்டுவிட்டார்களாம். ஏலத்துக்கு விடுகிறபோது திரும்ப எடுத்து மாட்டினார்களாம். நாய்கள் உந்தித் திறந்துவிடும் என்று கைப்பிடியை எடுத்ததும் அவர்கள்தானாம்.

அதனால்தான் சீட்டுப் புதுசு. ஒரு மனுஷன் அதில் உட்காரவே இல்லை.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே ஐயா," என்றானாம் பஞ்சு.

"சொல்லியிருக்கணும்ப்பா. நான் இங்க தினக்கூலி."

வேனை என்ன செய்வது என்பதில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். தண்ணி வண்டிக்காரர் பொண்டாட்டி, ஒரு கைப்பிடியை மாட்டிவிட்டு ஓட்டு, நான் இன்னும் என் மகனை அனுப்பத் தயார் என்றாள். அவளுக்கு லாரிப் பயம். கம்ப்யூட்டர் கடைக்காரர் வேறு வழி சொன்னார். உள்ளே மெத்தை வேலை பிரமாதமாக இருக்கிறது, நல்லதாக நாலு போட்டோ எடுத்துப் போட்டால் உன்னைப் போல ஒருத்தன் வெளியூரிலிருந்து எடுத்துக்கொள்வான், போட்ட காசு திரும்பும் என்றார். பஞ்சு அதைக் கேட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டான். ஆசை இல்லாமல் இல்லை அக்கா என்று என்னிடம் ஒத்துக்கொண்டான், வீட்டில் இருந்ததெல்லாம் அதில்தானே கிடக்கிறது. ஆனால் அந்தப் போட்டோவை எந்த ஊரிலோ ஒருத்தன் விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பதை நினைத்தால் அவனுக்குத் தூக்கம் வரவில்லை.

கடைசியில் பட்டறை வாசலிலேயே நிறுத்தி, கிரீஸைக் கேஸ் கட்டர் வைத்துப் பின்கதவை அறுத்து எடுக்கச் சொன்னான். ஜன்னல் கண்ணாடிகளையும் எடுத்தாயிற்று. கிரீஸ் அதில் பழைய டயர் ஏற்றுகிறான், கூலிக்குச் சாமான் ஏற்றுகிறான், வருவதில் பஞ்சுவுக்குப் பங்கு கொடுக்கிறான். பின்னால் மனுஷர் யாரும் ஏறக்கூடாது, அதுதான் பேச்சு. பஞ்சு அதன் பக்கமே போவதில்லை. அவன் பொண்டாட்டி, கிரீஸ், அக்காள் தம்பி இரண்டு பேருக்கும் இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது.

மகள் அப்பனோடு பேச ஆரம்பித்துவிட்டாள், ஆனால் குண்டூசியைத் தனியாக அவனிடம் விட்டுப் போகிறபோது வாசற்படியில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போகிறாள்.

பள்ளிக்கூடம் அங்கேயேதான் இருக்கிறது, பெரிய ரோடும் அங்கேயேதான். தாய்மாருக்குக் கொடுத்த வாக்கு என்று ஒன்று இருக்கிறதே. காலையில் தெருப் பிள்ளைகளையெல்லாம் சேர்த்துக்கொண்டு பஞ்சு நடத்தியே கூட்டிப் போகிறான். கையில் ஒரு சிவப்புத் துணி, அதை ஆட்டி லாரிகளை நிறுத்துவான். ஏணிக்குப் பயந்தவன் லாரிக்கு முன்னால் போய் நிற்கிறான் பாருங்கள் என்று தெருவில் சிரிக்கிறார்கள். அவனுக்குக் கால் நடுங்குவது பக்கத்தில் போய்ப் பார்த்தால் தெரியும். மற்றப் பிள்ளைகளெல்லாம் அவனுக்குப் பின்னால் வரிசையாக வரும். குண்டூசி மட்டும் வர மாட்டாள். அவன் முதுகுக்குப் பின்னால் அவள் நிற்பதேயில்லை. எல்லாருக்கும் முன்னால், அவன் கண்ணுக்கு எதிரில்தான் நடப்பாள். சொல்லிப் பார்த்துவிட்டார்கள், கேட்பதாக இல்லை. பஞ்சுவும் சொல்வதை விட்டுவிட்டான்.